வெறுந்தரையும் வெறும் உபதேசமும்

அயல்நாட்டில் குடியேறச் செல்லும் நம்மவர் குடும்பங்களுக்கு ஏற்படும் ஒரு துன்பத்தைப் பற்றி நம் மேடைகளில் எவரும் பேச நாம் கேட்டதில்லை. யாராவது முறையிட்டாலும், "ஸபுர் செய்யுங்கள்" என்ற ஒரே சொல்லால் அந்த முறையீட்டின் வாயை அடைத்து விடுகின்றோம். ஆள் போய்ச் சேர்ந்து விடுகின்றார். அவருடைய வீட்டுச் சாமான் போய்ச் சேரவில்லை. வாரங்கள் மாதங்களாகின்றன. பாய் இல்லை, பாத்திரம் இல்லை, பிள்ளைகளின் புத்தகங்கள் இல்லை. கட்டிய பணத்துக்குக் கணக்கில்லை. கேட்ட கேள்விக்கு விடையில்லை. இந்த நிலையில் இருப்பவரிடம் சென்று, "இதெல்லாம் துன்யாவின் தட்டுமுட்டுகள்தாமே, இதற்காகவா மனம் நோவது?" என்று கேட்பது மார்க்கமாகுமா என்பதே நம் வினா. ஆகாது என்பது நம் முடிவு. அதற்கான காரணங்களை இங்கே எடுத்து வைக்கின்றோம். சிலருக்குக் கசக்கலாம், கசக்கட்டும்.

நம் முன்னோர் கடல் கடந்த நாட்களில் வேறு தொல்லைகள் ஆயிரம் இருந்தன. இந்தத் தொல்லை மட்டும் இருந்ததில்லை. 1926-இல் கட்டப்பெற்று, 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிய 'ரஜூலா' கப்பலை நம் பெரியவர்கள் இன்றும் உறவினர் பெயரைச் சொல்வது போலச் சொல்வார்கள். அதன் பின் 'சிதம்பரம்' ஓடிற்று. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் தீப்பிடித்துப் பலர் மாண்டதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் நின்று போயிற்று. அந்தக் கப்பல்களின் மேல்தளத்தில் பயணம் செய்தவர் தம் தகரப் பெட்டியின் மீதே தலை சாய்த்து உறங்கினார். பெட்டியின் மேல் பெயரும் ஊரும் வெள்ளைச் சாயத்தால் எழுதப்பட்டிருக்கும். ஆளும் பெட்டியும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கினர்.

இன்று ஆள் ஆகாயத்தில் போகின்றார். வீடு கடலில் போகின்றது. விமானத்தில் தலைக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள், சில சீட்டுகளுக்கு ஒன்றே ஒன்று. எஞ்சியவை கப்பலுக்கு. ஆள் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தவுடன் சேர்ந்து விடுகின்றார். அவருடைய கட்டிலும் சட்டியும் தையல் இயந்திரமும் ஒரு துறைமுகத்தில் இறங்கி, இன்னொரு துறைமுகத்தில் காத்துக் கிடந்து, வேறொரு கப்பலில் ஏறி, எப்பொழுதோ வருகின்றன. இந்த இடைவெளியில்தான் நாம் சொல்லப் போகும் அநியாயங்கள் அனைத்தும் குடியிருக்கின்றன.

முதலில் இந்தத் தொழில் நடக்கும் விதத்தைச் சொல்லி விடுவோம். இதை அறியாததனாலேயே நம் மக்கள் ஏமாறுகின்றனர்.

சரக்குகளை இரும்புப் பெட்டகங்களில் அடைத்து அப்படியே கப்பலில் ஏற்றும் முறை 1956 ஏப்ரலில் அமெரிக்காவில் தொடங்கிற்று. மால்கம் மெக்லீன் என்பவர் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டகங்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இருபது அடிப் பெட்டகம் ஒன்றின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். முப்பது அட்டைப்பெட்டிகளோடு புறப்படும் ஒரு குடும்பத்தின் சாமான் அதில் ஒரு மூலைக்குத்தான் காணும். ஆகவே பல குடும்பங்களின் சாமான்களையும், சில வேளைகளில் வணிகர்களின் சரக்கையும் சேர்த்து ஒரே பெட்டகத்தில் நிரப்புகின்றனர். பெட்டகம் நிரம்பும் வரை முகவருக்கு அதை அனுப்ப மனம் வராது; பாதிப் பெட்டகத்தை அனுப்பினால் இழப்பு அவருக்கு. உங்கள் சாமான் அவருடைய கிடங்கில் கிடக்கும். தொலைபேசியில் கேட்டால், "கப்பல் போய்க்கொண்டிருக்கிறது" என்பார்.

இனிப் பத்திரத்தின் சங்கதி. கப்பல் நிறுவனம் சரக்கைப் பெற்றுக் கொண்டதற்கு அடையாளமாகத் தருவது 'பில் ஆஃப் லேடிங்' என்னும் சரக்குப் பத்திரம். பங்குப் பெட்டகத்தில் அனுப்புபவருக்கு அந்த மூலப்பத்திரம் கிடைக்காது. கப்பல் நிறுவனம் முகவரின் பெயருக்கு ஒன்றைத் தருகின்றது. முகவர் உங்கள் பெயருக்குத் தம்முடைய பத்திரம் ஒன்றைத் தருகின்றார். கப்பல் நிறுவனத்தைப் பொறுத்த மட்டில் நீங்கள் யாரோ எவரோ. அக்கரையில் சாமானை விடுவிக்கும் உத்தரவு அங்குள்ள இன்னொரு முகவரின் கையில் இருக்கின்றது. இக்கரை முகவர் அவருக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாவிட்டால் அவர் உங்கள் சாமானைப் பிடித்து வைத்துக் கொள்வார். நாள் தவறியதற்குத் துறைமுகத்தில் டெமரேஜ் ஏறும். யார் செய்த தவறுக்கோ சாமானுக்கு உடையவர் தண்டம் கட்டுவார்.

நம்மிடம் இளமையில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் 2024 செப்டம்பரில் மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் சென்னையிலிருந்து கனடாவின் டொரண்டோ மாநகருக்குக் குடிபெயர்ந்தார். முப்பத்தொரு பெட்டிகளை ஒரு முகவரிடம் ஒப்படைத்தார். அறுபது நாளில் வீட்டு வாசலுக்கே வந்து விடும் என்றார்கள். நவம்பர் வந்தது, குளிர் வந்தது, பெட்டிகள் வரவில்லை. செங்கடலில் தொல்லை, கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகின்றது என்றார்கள். அது ஒரு வகையில் உண்மையே. 2023 நவம்பரில் 'கேலக்ஸி லீடர்' என்ற கப்பல் செங்கடலில் பிடிக்கப்பட்ட பின்னர்ப் பெருங்கப்பல் நிறுவனங்கள் பல சூயஸ் வழியைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. அதனால் பயணம் ஒன்றுக்குப் பத்து நாள், இரண்டு வாரம் கூடிற்று. ஆனால் இரண்டு வாரம் எப்படி மூன்று மாதமாயிற்று என்று அவர் கேட்டபோது விடை வரவில்லை. பின்பு, விவரம் தெரிந்த ஒருவரின் யோசனைப்படி அவர் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கப்பலில் ஏற்றப்பட்ட நாள் என்று அதில் ஒரு தேதி உண்டு. "புறப்பட்டு விட்டது" என்று இவருக்குச் சொல்லப்பட்ட நாளுக்கும் அந்தத் தேதிக்கும் இடையே ஐந்து வாரங்கள் இருந்தன. ஐந்து வாரமும் சாமான் சென்னையிலேயே கிடந்திருக்கின்றது.

அந்த வீட்டுப் பெண்மணி நம் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் படித்தோம். கணவர் காலையில் அலுவலகம் போய் விடுகின்றார். அங்கே நாற்காலியும் மேசையும் தேநீரும் இருக்கின்றன. காலியான அந்த வீட்டில் பகல் முழுதும் இருப்பவர் அவர்தாம். ஒரே சட்டியில் சோறு வடித்து, அதைக் கழுவிக் குழம்பு காய்ச்சி, மறுபடியும் கழுவிப் பால் காய்ச்ச வேண்டும். குழந்தைகள் பேசினால் வெறுஞ்சுவர் எதிரொலிக்கின்றது என்று எழுதியிருந்தார். கடையில் புதிதாக வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் நாளைக்கே பெட்டிகள் வந்து விடும் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லப்படுபவர் எதை வாங்குவார்? வாங்கினால் இரட்டைச் செலவு, வாங்காவிட்டால் வெறுந்தரை. இருக்கும் பணமோ முன்பணத்திலும் வாடகையிலும் கரைந்து விட்டது.

ஊரிலுள்ள உறவினர் ஒருவர் அவருக்குச் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? "மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்த ஸஹாபாக்கள் கட்டிலையும் பீரோவையுமா தூக்கிக்கொண்டு போனார்கள்?" என்பதுதான். இந்த வாக்கியத்தை வேறு சிலர் வாயிலிருந்தும் நாம் கேட்டிருக்கின்றோம். கேட்பதற்கு அழகாக இருக்கின்றது. ஆனால் இது வரலாற்றின் பாதியை அறுத்து எறிந்து விட்டு மீதியைக் காட்டும் வித்தையாகும்.

முஹாஜிர்கள் வெறுங்கையோடு போனது உண்மை. ஸுஹைப் (ரலி) அவர்கள் தம் செல்வம் முழுவதையும் குறைஷிகளிடம் விட்டு விட்டே மதீனா சேர்ந்தார்கள். ஆனால் மதீனாவில் அவர்களை எதிர்கொண்டவர்கள் யாவர்? "பொறுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக் கொண்டவர்களா? ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் பொருளில் சரிபாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். பெற வேண்டியவரோ அதைப் பெறாமல் கடைத்தெருவுக்கு வழி கேட்டார். கொடுத்தவரின் பெருமையும் மறுத்தவரின் பெருமையும் சேர்ந்ததுதான் ஹிஜ்ரத்தின் வரலாறு. முஹாஜிர்களைக் காட்டிப் பேசுவோரே, நீங்கள் அன்ஸாரிகளாக இருந்து விட்டுப் பேசுங்கள் என்கின்றோம்! (சம்பளத்திற்காகச் செல்வதை ஹிஜ்ரத்தோடு ஒப்பிடுவதே பொருந்தாது. ஒப்பிட்டவர்கள் அவர்கள், நாமல்ல.)

ஹிஜ்ரத்திலிருந்து இன்னொரு செய்தியும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புறப்பட்ட இரவில் அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே நிறுத்திச் சென்றார்கள். காரணம், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் சேர்ப்பித்து விட்டு வர வேண்டும் என்பது. அந்த உரியவர்களில் அன்னாரின் உயிருக்கு உலை வைத்தவர்களின் கூட்டத்தாரும் இருந்தனர். இப்படிப்பட்ட நிகழ்ச்சியை ஓதியும் கேட்டும் வளர்ந்த சமுதாயத்தில், கூலி வாங்கிக்கொண்டு ஏற்ற சாமானை ஐந்து வாரம் கிடங்கில் போட்டு விட்டுக் கப்பலின் மேல் பழி சுமத்துபவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. சாமானை இழந்தவருக்குத்தான் உபதேசம்.

ஸபுர் என்பது துன்பப்படுபவர் தம் உள்ளத்தில் கொள்ளும் குணம். துன்பம் செய்தவன் கையில் கொடுக்கும் கேடயம் அன்று. யஃகூப் (அலை) அவர்களின் ஸபுரை அழகிய ஸபுர் என்று எடுத்துக் காட்டாத ஆலிம் உண்டா? அதே ஸூராவில், அதே யஃகூப் (அலை) அவர்கள்தாம், யூஸுஃபையும் அவர் சகோதரரையும் பற்றித் தேடி விசாரியுங்கள் என்று தம் மக்களை அனுப்பினார்கள். பொறுமையும் விசாரணையும் ஒரே நெஞ்சில் இருந்தன. நம்மவர்கள் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்திருக்கின்றனர்.

சாமானைக் கேட்பது துன்யாவின் மோகம் என்போருக்கு ஃபிக்ஹுக் கிதாபுகளையே காட்டுவோம். வீட்டு உபயோகத்துக்கான பாத்திரங்களுக்கும் படுக்கைக்கும் ஜகாத் இல்லை. ஏன்? ஷரீஅத்து அவற்றைச் செல்வக் குவியலாகக் கருதவில்லை; தேவையாகக் கருதுகின்றது. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் மத்ரஸாக்களுக்குப் புதியதன்று. ஜகாத் பெறத்தக்க ஏழை யார் என்று கூறும் இடத்தில், குடியிருக்கும் வீடும் உடுக்கும் உடையும் ஒருவரை ஏழை என்ற நிலையிலிருந்து நீக்கி விடாது என்கின்றார்கள். அத்துடன் நில்லாமல், இரண்டு மர்ஹலா தூரத்தில், அதாவது தொழுகையைச் சுருக்கித் தொழும் தூரத்தில், எட்டாமல் இருக்கும் பொருளும் அவ்வாறே நீக்காது என்கின்றார்கள். தொலைவில் கிடக்கும் பொருள் கையிலுள்ள பொருளாகாது என்பதை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் எழுதி வைத்து விட்டனர். மாதச் சம்பளம் பெறும் பொறியாளர் ஒருவருக்கு ஜகாத் கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவசரப்பட்டு நம் மீது பாய வேண்டா. பெட்டிகள் நடுக்கடலில் இருப்பவரை, "உமக்கென்ன குறை, முப்பது பெட்டிச் சாமான் இருக்கின்றதே" என்று கேட்கலாகாது என்பதற்கே இதைக் காட்டினோம். அந்த முப்பது பெட்டிகள் இப்போது அவருடையவை அல்ல, கடலுடையவை.

முகவர்களிடம் இரண்டொரு சொல் பேசுவோம். இவர்களில் நேர்மையாளரும் உண்டு. அவர்கள் இதைத் தவறாகக் கொள்ளார். மற்றவர்களைக் கேட்கின்றோம்: கூலி இன்னதென்று தெரியாத கூலி உடன்படிக்கை செல்லுமா? "வீட்டு வாசல் வரை இவ்வளவு" என்று தொகை சொல்லிப் பணம் வாங்கி விட்டுச் சாமான் அக்கரை சேர்ந்த பின், துறைமுகக் கூலி, பிரிப்புக் கூலி, பத்திரக் கூலி என்று அங்குள்ள முகவர் வாயால் இன்னொரு தொகையைக் கேட்கச் செய்வது எந்த மத்ஹபில் கூடும்? சாமானைப் பணயமாக வைத்துக் கொண்டு கேட்கும்போது எவர்தாம் மறுக்க முடியும்? நம் மாணவரும் கொடுத்தார். ஷாஃபிஈ மத்ஹபில் கூலிக்குச் சுமப்பவர் அமானிதக்காரர். அத்துமீறலோ அலட்சியமோ இல்லாத போது இழப்புக்கு அவர் பொறுப்பாளி ஆகார். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரும் பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் கூலியாள், தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றி, பொறுப்பாளி என்றனர். கருத்து வேறுபாடு இருக்கின்றது, மறுக்கவில்லை. ஆயினும் பெட்டகம் நிரம்பட்டும் என்று வேண்டுமென்றே நிறுத்தி வைத்து, பொய்யும் சொல்வது அத்துமீறல் அன்று என்று வாதிட எந்த மத்ஹபையும் துணைக்கழைக்க முடியாது.

உடையவர்களும் ஒன்றைக் கேட்க வேண்டும். "நம்ம பாய்தானே, ரசீது எதற்கு?" என்னும் பழக்கம் நம்மிடையே ஊறிப் போய் விட்டது. எழுதிக் கேட்டால் நம்பிக்கைக் குறைவு என்று முகவர் முகம் சுளிக்கின்றார். முகம் சுளிப்பாரே என்று இவர் கேட்காமல் விடுகின்றார். திருமறையிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதா, நோன்பைப் பற்றியதா? தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்பதைப் பற்றியது! ஸூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். அடுத்த வசனமோ, நீங்கள் பிரயாணத்தில் இருந்து எழுதுபவர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பிரயாணிகளுக்கே வழி சொல்கின்றது. மிக நீண்ட வசனத்தை மிகச் சுருக்கமாக மறந்த சமுதாயம் நாம்தாம்.

ஆகவே எழுதி வாங்குங்கள். பெட்டகத்தின் எண்ணைக் கேளுங்கள். நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்டது அது. அந்த எண் கையிலிருந்தால் பெட்டகம் எங்கே நிற்கின்றது என்பதைக் கப்பல் நிறுவனத்திடமிருந்தே அறியலாம். முகவரின் வாயை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் ஏற்றினால் பெரும்பாலும் கொழும்பில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றுவர். அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று முன்பே கேளுங்கள். போகின்ற நாட்டின் சுங்க விதிகளையும் முகவர் சொல்லட்டும் என்று இருந்து விடாதீர்கள். கனடாவுக்குக் குடியேறுபவர் தாம் வந்திறங்கும் நாளிலேயே, பின்னால் வரப்போகும் பொருட்களின் பட்டியலையும் சுங்க அதிகாரியிடம் காட்டிப் பதிய வேண்டும். மறந்தவர் பின்னால் தீர்வைக்கு ஆளாக நேரும். பிரிட்டனுக்குச் செல்பவர் குடியிருப்பு மாற்றச் சலுகைக்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். ஆஸ்திரேலியாவிலோ மரச்சாமானையும் கோரைப்பாயையும் மண் ஒட்டிய செருப்பையும் கூடச் சோதித்தே விடுவார்கள். அம்மிக்கல்லைக் கழுவாமல் கட்டாதீர்கள்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கின்றது. வாணிகக் காப்பீடு கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறைக் காப்பீடு கூடுமென்றும் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 1985-இல் ஜித்தாவில் முடிவு செய்தது. மலேசியாவில் அதற்கு முந்திய ஆண்டிலேயே தகாஃபுல் சட்டம் வந்து விட்டது. நம் ஊர் மக்கள் "கூடாது" என்ற பாதியைக் கேட்டுக் காப்பீடு செய்யாமல் சாமானை அனுப்புகின்றனர். மறுபாதியை அவர்களுக்கு அமைத்துக் கொடுத்தவர் நம்மில் யார்? இழப்பு என்பது கற்பனை அன்று. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' எரிந்து, ஜூனில் மூழ்கிற்று. 2025 மே 25-இல் 'எம்.எஸ்.சி. எல்சா 3' கேரளக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 640 பெட்டகங்களோடு மூழ்கிற்று.

கப்பல் மூழ்காவிட்டாலும் கதை முடிவதில்லை. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக் கொண்ட 'எவர் கிவன்' கப்பலை எகிப்து அதிகாரிகள் ஜூலை வரை பிடித்து வைத்தனர். கப்பலின் உரிமையாளர் பொது நட்டப் பங்கீட்டை அறிவித்தார். கப்பலைக் காப்பாற்ற ஏற்பட்ட செலவில் அதிலுள்ள சரக்குக்கு உடையவர் ஒவ்வொருவரும் பங்கு ஏற்க வேண்டும் என்பது அதன் பொருள். காப்பீடு செய்யாதவர் சாமானைப் பெறக் கையிலிருந்து பிணைப்பணம் கட்ட வேண்டும். இது ஐரோப்பியர் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டா. மூழ்கும் நிலையிலுள்ள கப்பலில் ஒருவர் இன்னொருவரிடம், உம்முடைய சரக்கைக் கடலில் எறியும், அதற்கு நான் பொறுப்பு என்று கூறினால், எறியச் சொன்னவரே ஈடு செய்ய வேண்டும் என்ற மஸ்அலா ஷாஃபிஈ கிதாபுகளில் இருக்கின்றது. கடலோரத்தில் வாழ்ந்து கப்பலோட்டிய சமுதாயத்தின் மத்ஹபு அது! அந்த மஸ்அலாவை ஓதிக் கொடுக்கும் நாம், பெட்டி அனுப்பும் நூறு குடும்பங்கள் ஆளுக்கு ஒரு சிறு தொகை போட்டு, இழந்தவருக்கு ஈடு கொடுக்கும் நிதி ஒன்றைத் தொடங்க இதுவரை நினைத்ததுண்டா? கூடாது என்று தீர்ப்புச் சொல்பவர் கூடுவதைக் காட்டும் கடமையிலிருந்து தப்ப முடியாது.

எந்த நிதியும் ஈடு செய்ய முடியாத இழப்பும் உண்டு. நம் மாணவரின் முப்பத்தொரு பெட்டிகளில் இருபத்தொன்பது 2025 பிப்ரவரியில் வந்து சேர்ந்தன. வராத இரண்டில் ஒன்றில், அவர் பாட்டனார் தம் கைப்பட அரபுத் தமிழில் பிரதி செய்து வைத்திருந்த கிதாபு ஒன்று இருந்தது. அவர் வீட்டுப் பெண்கள் தலைமுறைகளாகப் பார்த்து ஓதியது. முகவரின் ஆள் தயாரித்த பட்டியலில் அது 'பழைய புத்தகங்கள்' என்று இருந்தது; மதிப்பு என்ற இடத்தில் கோடு. இந்தியாவில் 1856-ஆம் ஆண்டின் சரக்குப் பத்திரச் சட்டமும் 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குச் சட்டமும் நீக்கப்பட்டு 2025-இல் புதுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் புதிதானாலும் பெட்டிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்ற வரம்புக்கு உட்பட்டே கடத்துபவரின் பொறுப்பு இருக்கின்றது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள பாட்டனாரின் எழுத்துக்கு எத்தனை ரூபாய் என்று எந்த வழக்கு மன்றத்தில் கேட்பது? கிதாபுகளையும் நிக்காஹ் பதிவையும் பட்டயங்களையும் பெட்டகத்தில் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்ல முகவருக்கு அரை நிமிடம் போதும். சொல்லவில்லை.

அந்த நகரத்திலுள்ள நம்மவர் சங்கத்தின் செய்தி இனி. நாம் மிகுந்த மன வருத்தத்தோடு எழுதும் பகுதி இது. மாணவர் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே அவரை மீலாது விருந்துக்கு அழைத்தார்கள். நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஊரை நினைவூட்டும் வகையில் இருந்தனவாம். மேடையில் சமுதாய ஒற்றுமை பற்றி நீண்ட உரை. விருந்து முடிந்து, மீந்த சோற்றை அவர் மனைவி வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கேட்டபோது, "பாத்திரம் கொண்டு வரவில்லையா?" என்றார்களாம். பாத்திரம் கடலில் இருந்தது. அந்தக் கூட்டத்திலிருந்த நாற்பது குடும்பங்களின் நிலவறைகளில் பழைய மெத்தைகளும் உபயோகிக்காத சட்டிகளும் எத்தனை இருந்திருக்கும்! கெட்ட எண்ணத்தால் அவர்கள் கொடுக்காமல் இருக்கவில்லை. ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றாமை சிறு குற்றம் என்று நாம் கருதவில்லை.

திருமறையில் ஒரு ஸூராவுக்கே வீட்டுத் தட்டுமுட்டின் பெயர் இருக்கின்றது. 'அல்மாஊன்'. ஏழே வசனங்கள், தொழுகையில் நாம் வேகமாக ஓதிச் செல்லும் ஸூரா. மாஊன் என்பதற்கு ஜகாத்து என்று விளக்கம் கூறியோரும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, மக்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக் கொள்ளும் வாளி, சட்டி, கோடரி போன்றவை என்று விளக்கினார்கள். காட்டுவதற்காகத் தொழுவோரைக் கண்டித்த அதே மூச்சில் அவற்றைக் கொடுக்க மறுப்போரையும் இறைவன் கண்டிக்கின்றான். புதிதாக வந்த குடும்பத்துக்கு ஒரு சட்டியை இரவல் கொடுப்பது சமூக சேவகரின் பொழுதுபோக்கு அன்று என்பதை விளங்க வைக்க இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

ஆகவே வெளிநாடுகளிலுள்ள நம் சங்கங்களிடம் ஒன்றைக் கேட்கின்றோம். ஆண்டு விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை எடுத்து, ஓர் அறையோ, அறை இல்லாவிட்டால் ஒருவர் வீட்டு நிலவறையோ, அதில் ஆறு மெத்தை, சில போர்வை, நான்கு குடும்பங்களுக்கான சட்டி, பானை, தட்டு, ஒரு மடக்கு மேசை, ஒரு மிக்ஸி என்று வைக்கட்டும். வருகிறவர் எடுத்துச் சென்று, தம் சாமான் வந்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்கட்டும். இதற்கு அரசாங்க அனுமதி வேண்டியதில்லை. தலைவர், செயலாளர் தேர்தலும் வேண்டியதில்லை. "திருப்பித் தராவிட்டால்?" என்று பொருளாளர் ஒருவர் நம்மிடம் எழுதிக் கேட்டார். முதலில் கொடுத்துப் பாருங்கள் என்று பதில் எழுதினோம். இரவல் பொருளுக்கு எவர் பொறுப்பு என்பதற்கும் கிதாபில் தனிப் பாடமே இருக்கின்றது. தேவைப்பட்டால் அதையும் அனுப்பி வைப்போம்.

இது அயல்நாட்டாரிடம் கற்க வேண்டிய வித்தையுமன்று. நம் கடற்கரை ஊர்களில் ஜமாஅத்துக்குச் சொந்தமான தேக்ஸாக்களும் ஸஹன் தட்டுகளும் ஜமுக்காளங்களும் கல்யாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் போய்த் திரும்புவதை யார் பார்க்கவில்லை? பள்ளிவாசல் அலுவலகத்தில் அதற்கென்று நீண்ட நோட்டு ஒன்று தொங்கும். இன்ன தெரு, இன்னார் வீடு, தேக்ஸா இரண்டு, ஸஹன் நாற்பது, கரண்டி நான்கு என்று ஒரு பக்கம். வந்து சேர்ந்த தேதி மறுபக்கம். கரண்டி ஒன்று குறைந்தால் அதையும் சிவப்பு மையில் எழுதி வைப்பார் மோதினார்.